எதை எதோடு ஒப்பிடுவது? டென்மார்க்கில் கிறிஸ்தவமும் இஸ்லாமும்



டென்மார்க் குடியுரிமை பெற்ற தமிழர் வீடுகளில் கருஞ்சிவப்பு அட்டை போட்ட கடவுச்சீட்டு இருக்கும். 1997 முதல் வழங்கப்பட்டவற்றின் உள்தாள்களைக் கூர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பின்னிக் கிடக்கும் கொடிகளுக்கு நடுவே இரு கைகளையும் விரித்தபடி ஓர் உருவம் நிற்கிறது. அது இயேசு கிறிஸ்து. யூட்லாந்தின் யெல்லிங் ஊரில் பத்தாம் நூற்றாண்டில் ஹரால்டு மன்னன் நாட்டிய கல்லிலிருந்து எடுத்த சித்திரம். புளூடூத் தொழில்நுட்பத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹரால்டுதான். டேனியர்களைக் கிறிஸ்தவர்களாக்கியவன் தானே என்று அந்தக் கல்லில் அவன் பொறித்து வைத்தான். ஹெர்னிங் நகரின் சித்தி விநாயகரை வணங்கும் ஈழத்தமிழரும், துருக்கியிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்த முஸ்லிமும், மதமே வேண்டாம் என்கிற டேனியரும் அந்த ஒரே சித்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள்.

இந்த நாட்டில் கிறிஸ்தவம் இப்படித்தான் இருக்கிறது: கல்லில், தேசியக் கொடியின் சிலுவையில், நாட்காட்டியில், வரிக் கணக்கில். 1536-இல் மூன்றாம் கிறிஸ்டியன் மன்னர் லூத்தரின் சீர்திருத்தத்தை ஏற்றார். 1849-இன் அரசியலமைப்பு லூத்தரன் சபையை ‘மக்கள் திருச்சபை’ என்று பெயரிட்டு அரசின் ஆதரவில் வைத்தது. மன்னர் அந்தச் சபையினராக இருக்க வேண்டும் என்பது இன்றும் விதி. மக்களில் பத்துக்கு ஏழு பேர் உறுப்பினர்கள். ஆனால் சாதாரண ஞாயிறு ஒன்றில் ஆலயத்துக்குள் எட்டிப் பார்த்தால் பெரும்பாலான இருக்கைகள் காலி.

இஸ்லாம் வேறு வழியில் வந்தது. 1960-களின் பிற்பகுதியில் துருக்கி, பாகிஸ்தான், மொரோக்கோ நாடுகளிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். 1973-இல் அந்த வாசல் மூடப்பட்ட பின் லெபனான், ஈராக், சோமாலியா, பொஸ்னியா, சிரியா என அகதிகள் வந்தார்கள். கோபன்ஹேகன் அருகே ஹ்விடோவ்ரேயில் அகமதியா இயக்கத்தார் கட்டிய நுஸ்ரத் ஜஹான் பள்ளிவாசல் 1967-இல் திறக்கப்பட்டது. இன்று முஸ்லிம்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு என்பது மதிப்பீடு.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசும்போது ஒரு தவறு ஓயாமல் நடக்கிறது. இஸ்லாத்தை எடுக்கும்போது அதன் நூலை எடுக்கிறார்கள். கிறிஸ்தவத்தை எடுக்கும்போது அண்டைவீட்டு டேனியரின் வாழ்க்கையை எடுக்கிறார்கள். ஒரு பக்கம் வசனம், மறு பக்கம் நடைமுறை. முஸ்லிம்களில் சிலர் இதைத் திருப்பிப் போடுவார்கள்: தங்கள் பக்கம் உயர்ந்த போதனை, எதிர்ப்பக்கம் வெள்ளிக்கிழமை இரவின் மதுக்கடை. இரண்டுமே ஒப்பீடு ஆகாது.

இந்தத் தவறு தமிழர்களுக்குப் புதிதல்ல. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு டென்மார்க் மன்னரின் பெயரால் நம் கடற்கரையிலேயே நடந்தது. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கையால் தரங்கம்பாடி டேனியர் கைக்கு வந்தது. 1706 ஜூலை 9 அன்று, நான்காம் ஃபிரெடெரிக் மன்னர் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்கு என்ற ஜெர்மானிய இளைஞர் அங்கே கரையிறங்கினார். பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். இந்துக்களிடமும் முஸ்லிம்களிடமும் மணிக்கணக்கில் வாதாடினார். டேனியத் தளபதி ஹாசியுஸ் அவரைக் கோட்டைச் சிறையில் நான்கு மாதம் அடைத்தும் வைத்தார்.

அவர் செய்தவற்றில் பெரியது ஒன்று உண்டு. தமிழர்களிடம் கேள்விகள் கேட்டு, அவர்கள் எழுதிய மறுமொழிகளைச் சேர்த்து ஜெர்மன் மொழிக்குக் கொண்டுசென்றார். ஜெர்மனியின் ஹாலே நகரில் இரண்டு பகுதிகளாக அச்சான அந்தக் கடிதங்கள் மொத்தம் 99. அவற்றில் தமிழர்கள் சொன்னது இன்று படித்தாலும் கூர்மையாக இருக்கிறது: உங்கள் போதனை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கிறிஸ்தவர்கள் மாட்டைக் கொன்று தின்கிறார்கள், குடிக்கிறார்கள், சுத்தம் பார்ப்பதில்லை என்று அவர்கள் முறையிட்டார்கள். சீகன்பால்கு தம் மதத்தின் நூலை முன்வைத்துத் தமிழரின் பழக்கங்களைக் குறை சொன்னார். தமிழர்கள் தம் நூல்களை மனத்தில் வைத்துக்கொண்டு கோட்டையிலிருந்த டேனியரின் பழக்கங்களைக் காட்டினார்கள். இருவரும் நேர்மையாகவே பேசினார்கள். இருவர் கையிலும் இருந்த அளவுகோல் கோணலாக இருந்தது. ஆனாலும் சீகன்பால்கு கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டதை மறைக்காமல் அச்சுக்கும் அனுப்பினார். அதற்காக அவரை மதிக்க வேண்டும்.

அப்படியானால் எதை எதோடு ஒப்பிடுவது?

கிறிஸ்தவ நம்பிக்கையில் கடவுளின் வார்த்தை மனிதராகப் பிறந்தது, அவர் இயேசு. இஸ்லாமிய நம்பிக்கையில் இறைவனின் வார்த்தை வேதமாக இறங்கியது, அது திருக்குர்ஆன். ஆகவே இயேசுவுக்கு நேராக இஸ்லாத்தில் நிற்பது குர்ஆன். முகம்மது நபி அந்த வார்த்தையைக் கொண்டுவந்த தூதர். கனடிய அறிஞர் வில்ஃபிரட் கான்ட்வெல் ஸ்மித் சென்ற நூற்றாண்டில் வற்புறுத்திச் சொன்ன கருத்து இது. பைபிளை நேராகக் குர்ஆனோடு வைப்பதும் பாதிதான் பொருந்தும். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் பெயர்களில் உள்ள நற்செய்திகள் இயேசு சொன்னதையும் செய்ததையும் பற்றிய சாட்சியங்கள். வடிவத்தில் அவை நபிகளைப் பற்றிய ஹதீஸ்களுக்கே அதிகம் நெருக்கம்.

இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பல முடிச்சுகள் அவிழும். 1550-இல் டேனிஷ் மொழியில் முழு பைபிள் வந்ததும் ஆலயத்தில் அதுவே வேதமாக வாசிக்கப்பட்டது. தரங்கம்பாடி அச்சகத்தில் 1715-இல் முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடும் அச்சான நாள் முதல் வேதம்தான். குர்ஆனுக்கு அப்படி அல்ல. இஸ்லாத்தைத் தழுவிய டேனியர் அப்துஸ் ஸலாம் மேட்சன் 1967-இல் டேனிஷில் மொழிபெயர்த்தார். 2006-இல் எல்லன் வுல்ஃப் மொழிபெயர்த்தார். இரண்டும் பொருள் அறிய உதவுபவை. கோபன்ஹேகன் பள்ளிவாசலில் தொழ நிற்பவர் ஓதுவது அரபு மூலத்தைத்தான்.

இயேசு இரண்டு மதங்களுக்கும் பொதுவானவர் என்பது பல டேனியர்களுக்கே வியப்பான செய்தி. குர்ஆனில் ஈசா நபியின் பெயர் ஏறத்தாழ 25 இடங்களில் வருகிறது. 19-ஆவது அத்தியாயத்தின் பெயர் மர்யம். குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரே பெண் அவர்தான். கன்னி மரியாளிடம் தந்தையின்றிப் பிறந்தவர், குருடர்க்குப் பார்வை தந்தவர், இறந்தவரை இறைவன் அனுமதியால் எழுப்பியவர், உலக முடிவுக்கு முன் திரும்பி வரப்போகிறவர் என்பது வரை இரு தரப்பும் சேர்ந்தே நடக்கலாம்.

அதன் பிறகு பாதை பிரிகிறது, ஆழமாகவே பிரிகிறது. அதை மழுப்புவது இரு மதத்தாருக்கும் செய்யும் அவமரியாதை. கடவுளுக்கு மகன் உண்டு என்பதை இஸ்லாம் ஏற்காது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரியேகக் கோட்பாடு முஸ்லிமின் பார்வையில் இறைவனுக்கு இணைவைப்பது. ஈசா நபி சிலுவையில் கொல்லப்படவில்லை என்று குர்ஆனின் 4-ஆவது அத்தியாயம் சொல்கிறது. கிறிஸ்தவருக்கோ சிலுவை இல்லையென்றால் மீட்பு இல்லை, உயிர்த்தெழுதல் இல்லை, ஈஸ்டர் இல்லை. இதன் அடியில் இன்னொரு வேறுபாடு இருக்கிறது. ஆதாம் செய்த பாவம் மனித குலம் முழுவதையும் பற்றியிருக்கிறது என்கிறது கிறிஸ்தவம். எனவே மீட்பர் தேவை. ஆதாம் வருந்தினார், இறைவன் மன்னித்தான், பிறக்கும் குழந்தை மாசற்றது என்கிறது இஸ்லாம். எனவே மீட்பர் தேவையில்லை, வழிகாட்டுதல் போதும்.

டேனியரின் காலி ஆலயங்களுக்கும் இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. மனிதன் நற்செயலால் மீட்பைச் சம்பாதிக்க முடியாது, விசுவாசத்தால் மட்டுமே அது கிடைக்கும் என்பது லூத்தரின் மையப் போதனை. அந்தப் போதனையில் ஐந்நூறு ஆண்டு ஊறிய சமூகம், வாராவாரம் ஆலயம் போகாததைக் குற்றமாக உணர்வதில்லை. இஸ்லாத்தில் ஈமானும் அமலும், அதாவது நம்பிக்கையும் செயலும், சேர்ந்தே நடக்க வேண்டும். தொழுகையை விட்டவர் மனத்தில் ஒரு கணக்கு உறுத்திக்கொண்டிருக்கும். முஸ்லிமுக்குப் பக்தி அதிகம், டேனியருக்குக் குறைவு என்று இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. பக்தி எங்கே வெளிப்பட வேண்டும் என்று இரு மதங்களும் வெவ்வேறாகக் கற்பித்திருக்கின்றன.

இனி டென்மார்க்கை உலுக்கிய இரண்டு நிகழ்ச்சிகளைப் பார்க்கலாம்.

2005 செப்டம்பர் 30 அன்று யூலண்ட்ஸ்-போஸ்டன் நாளிதழ் முகம்மது நபியைப் பற்றிய 12 கேலிச்சித்திரங்களை வெளியிட்டது. அடுத்த பிப்ரவரியில் டமாஸ்கஸில் டேனியத் தூதரகம் எரிக்கப்பட்டது. பல நாடுகளில் டேனிய வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கடை அலமாரிகளிலிருந்து இறக்கப்பட்டன. டேனியர் பலருக்கு இது புரியவே இல்லை. கோபன்ஹேகன் பேராலயத்தில் தோர்வால்ட்சன் செதுக்கிய பளிங்கு இயேசு நிற்கிறார். பழைய கிராம ஆலயங்களின் வளைவுகளெங்கும் ஓவியங்கள். கடவுளையே மனித உருவில் காட்டி வளர்ந்த மரபில், ஒரு தூதரை வரைவது எப்படிக் குற்றமாகும்? பள்ளிவாசலின் சுவரிலோ எழுத்து மட்டுமே உண்டு, உருவம் இல்லை. நபியை வரைவதையே தவிர்க்கும் மரபில் வளர்ந்தவருக்கு, அவரைத் தலைப்பாகையில் வெடிகுண்டோடு காட்டிய படம் அடிமேல் அடி.

இரண்டாவது, குர்ஆன் எரிப்பு. 2015-இல் ஒருவர் குர்ஆனை எரித்துக் காணொளி போட்டார். அவர் மீது தெய்வநிந்தனை வழக்குத் தொடுக்கப்பட்டது. 2017 ஜூனில் அந்தச் சட்டப் பிரிவையே நாடாளுமன்றம் நீக்கியதால் வழக்கு கைவிடப்பட்டது. 2023-இல் எரிப்புகள் பெருகி நாட்டின் பாதுகாப்பே கேள்விக்குள்ளானபோது, டிசம்பர் 7 அன்று புதிய சட்டம் ஒன்று 94-க்கு 77 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அதன்படி, அங்கீகாரம் பெற்ற எந்த மதச் சமூகத்தின் வேதநூலையும் பொதுவெளியில் அவமதிப்பது குற்றம். விவாதத்தில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி, காகிதத்துக்கு ஏன் இவ்வளவு ஆவேசம் என்பது. பைபிள் பிரதி ஒன்றை எரித்தால் டேனியப் போதகர் வருந்துவார், ஆனால் அவருடைய நம்பிக்கையின் நடுவிடத்தில் இருப்பது ஒரு நபர், பிரதி அல்ல. முஸ்லிமின் நம்பிக்கையில் அந்த நடுவிடத்தில் குர்ஆன் இருக்கிறது. இதை உணர்ந்தவர் அந்தச் சட்டத்தை ஆதரிக்கலாம், பேச்சுரிமையின் பெயரால் எதிர்க்கவும் செய்யலாம். உணராமல் எடுக்கும் எந்த நிலையும் அரைகுறைதான்.

நடைமுறைகளுக்கு வரும்போது டென்மார்க்கின் வானமே ஒப்பீட்டில் பங்கெடுக்கிறது. இஸ்லாமிய நாட்காட்டி சந்திரனைப் பின்பற்றுவதால் ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். 2016-இல் அது ஜூன் மாதம் வந்தது. கோபன்ஹேகனில் அப்போது சூரியன் மறைவது இரவு பத்து மணியை ஒட்டி. இரவிலும் வானின் வெளிச்சம் முழுதாக அணைவதே இல்லை. நோன்பு பதினெட்டு மணிநேரத்தைத் தாண்டியது. சிலர் மக்கா நேரத்தைப் பின்பற்றலாம் என்றார்கள். பலர் உள்ளூர்ச் சூரியனையே நம்பினார்கள். 2030-இல் ரமலான் ஜனவரியில் ஒருமுறை, டிசம்பர் இறுதியில் மறுமுறை தொடங்கும். அப்போது சூரியன் மறைவது மாலை நான்கு மணிக்கு முன்பே.

கிறிஸ்தவர்களுக்கும் நோன்பு இருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தை வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களும் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரும் இன்றும் அனுசரிக்கிறார்கள். லூத்தரன் டென்மார்க்கில் நோன்பு போய்ப் பலகாரம் நிலைத்துவிட்டது. தவக்காலத்தின் வாசலில் வரும் ஃபாஸ்டலாவ்ன் நாளில் பிள்ளைகள் வேடம் போட்டுப் பீப்பாயை அடித்து உடைக்கிறார்கள், பாலேடு நிறைத்த பன் தின்கிறார்கள். 1686 முதல் இருந்த ‘பெரும் பிரார்த்தனை நாள்’ விடுமுறையும் அப்படியே: உபவாசம் மறைந்து, முன்தினம் மாலையில் சூடாக்கி உண்ணும் கோதுமை ரொட்டி தங்கியது. பாதுகாப்புச் செலவுக்குப் பணம் வேண்டுமென்று அரசு 2024 முதல் அந்த விடுமுறையை நீக்கியபோது, ஆலயத்துக்குப் போகாதவர்களும் சேர்ந்து தெருவில் இறங்கிக் கண்டித்தார்கள்.

உணவில் இன்னொரு பாடம் இருக்கிறது. பன்றி இறைச்சி இஸ்லாத்தில் ஹராம். கிறிஸ்தவத்திலோ புதிய ஏற்பாடு உணவுத் தடைகளைத் தளர்த்திவிட்டது. பன்றி இறைச்சி உண்டே ஆக வேண்டும் என்று எந்தக் கிறிஸ்தவ நூலும் சொல்லவில்லை. ஆனால் 2016 ஜனவரியில் ரான்டர்ஸ் நகர மன்றம், நகராட்சியின் பிள்ளைக் காப்பகங்கள் உள்ளிட்ட நிலையங்களில் பன்றி இறைச்சி பரிமாறப்பட வேண்டும் என்று தீர்மானித்தது. அங்கே பேசியது மதமல்ல, அடையாள அச்சம். அதைக் கிறிஸ்தவத்தின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

ஈகையிலும் ஒப்பிடத் தக்க ஒன்று உண்டு. ஜக்காத் என்பது சேமித்த செல்வத்தில் ஆண்டுக்கு இரண்டரை விழுக்காடு, ஏழைகள் முதலிய குறித்த வகையினருக்கு. மக்கள் திருச்சபை உறுப்பினர் தருவது திருச்சபை வரி. வருமானத்தில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு, ஊருக்கு ஊர் மாறும், வரி அலுவலகமே பிடித்துக்கொள்ளும். முன்னது இறைக் கடமை. பின்னது சபையின் கூரையையும் போதகரையும் கல்லறைத் தோட்டத்தையும் காக்கும் சந்தா.

பிறப்பும் இறப்பும் இரண்டு சமூகங்களையும் ஒரே அலுவலகத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. தெற்கு யூட்லாந்து நீங்கலாக, நாட்டில் பிறக்கும் குழந்தைகளின் பெயர்ப் பதிவு மக்கள் திருச்சபையின் பொறுப்பில் இருக்கிறது. அமினாவின் பெயரும் அபிராமியின் பெயரும் அங்கேதான் ஏறுகின்றன. டேனியக் குழந்தைக்கு ஞானஸ்நானம். பதினான்கு வயதை ஒட்டித் திடப்படுத்தல், பெரிய விருந்து, பரிசுப் பணம், அதைச் செலவிட ‘நீலத் திங்கள்’ என்றொரு நாள். முஸ்லிம் குழந்தையின் காதில் பாங்கு, ஆண்பிள்ளைக்குச் சுன்னத். பதினெட்டு வயதுக்கு முன் சுன்னத் கூடாது என்ற மக்கள் கோரிக்கை 2018-இல் 50,000 கையெழுத்துகளைத் தொட்டது. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கவில்லை.

இறப்பைத் தமிழர்கள் கவனித்துப் பார்க்க வேண்டும். டேனியர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் இன்று தகனம் செய்யப்படுகிறார்கள். நம் ஊரில் தகனம் இந்துவின் அடையாளம், அடக்கம் கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் பொது. இங்கே கிறிஸ்தவரும் இந்துவும் ஒரே தகனச்சாலையில், முஸ்லிம் மட்டும் மண்ணில். உடலைக் குளிப்பாட்டிக் கபனிட்டு, ஜனாஸாத் தொழுகை நடத்தி, முகம் மக்காவை நோக்கும்படி, இயன்ற விரைவில் அடக்குவது இஸ்லாமிய முறை. திருச்சபையின் கல்லறைகளில் வரிசைகளின் திசையே வேறாக இருந்ததால், தனி இடம் வேண்டுமென்று முஸ்லிம்கள் நீண்ட காலம் கேட்டார்கள். கோபன்ஹேகனுக்கு மேற்கே ப்ரோண்பியில் 2006-இல்தான் அவர்களுக்கென்று ஒரு கப்ரஸ்தான் திறந்தது. வேலைக்கு வந்த முதல் தலைமுறையில் பலருடைய உடல்கள் அதுவரை பிறந்த நாட்டுக்கே போயின. மகனும் பேரனும் இங்கே, கபர் அங்கே என்ற துயரத்தைப் புலம்பெயர்ந்த தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை.

வழிபாட்டை யார் நடத்துவது என்பதில் டென்மார்க் முன்னோடி. 1948 ஏப்ரலில் மூன்று பெண்கள் போதகர்களாக அபிஷேகம் பெற்றார்கள்; ஆயர்களில் பலர் அதை எதிர்த்தார்கள், ஓடென்ஸ் ஆயர் ஒருவரே செய்து வைத்தார். 2016-இல் ஷெரின் கான்கான் கோபன்ஹேகனில் மர்யம் பள்ளிவாசலைத் தொடங்கி, பெண்களுக்குப் பெண்ணே ஜும்ஆத் தொழுகை நடத்தும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். டேனிய முஸ்லிம்களில் பலர் அதை ஏற்கவில்லை. 1948-இல் கிறிஸ்தவர்களில் பலரும் ஏற்கவில்லை. இரண்டும் ஒரே வழியில் போகும் என்று ஆரூடம் சொல்வதற்கில்லை. லூத்தரன் போதகர் சபையால் அபிஷேகம் பெற்றவர். இமாம் தொழுகைக்கு முன்னிற்பவர், அவருக்கு அபிஷேகம் இல்லை, தலைமைச் சபையும் இல்லை. மாற்றத்தை ஆணையிட ஆயரும் இல்லை, தடுக்க ஆயரும் இல்லை.

சண்டைச் செய்திகளுக்கு நடுவே பொறுமையாக நடக்கும் வேலை வெளியே தெரிவதில்லை. 1996-இல் லிஸி ராஸ்முசன் என்ற இறையியலாளர் முன்னின்று, கோபன்ஹேகனில் இஸ்லாமிய-கிறிஸ்தவ ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இரு மதத்தாரும் சமமாக உட்கார்ந்து நடத்தும் அமைப்பு அது. அதில் பணியாற்றிய இமாம் நவீத் பேக், ரிக்ஸ்ஹோஸ்பிடலேட் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்பவர். கேலிச்சித்திர நெருக்கடி வெடித்தபோது அந்த மையத்துக்கு வயது பத்து ஆகவிருந்தது. கோபம் கொதித்த அந்த வாரங்களில், ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்த போதகர்களும் இமாம்களும் நாட்டில் இருந்தார்கள் என்பது சிறிய செய்தி அல்ல.

கடைசியாக, தமிழ்ப் பெற்றோருக்கு நேராகச் சொல்ல வேண்டியது ஒன்று. பொதுப்பள்ளியில் ‘கிறிஸ்தவ அறிவு’ என்றொரு பாடம் இருக்கிறது. அதன் மையம் லூத்தரன் கிறிஸ்தவம். மேல் வகுப்புகளில் இஸ்லாமும் இந்து சமயமும் பிற மதங்களும் சேர்கின்றன. சமயக் கல்வியைத் தாமே பார்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்துப் பெற்றோர் பிள்ளைக்கு விலக்குப் பெறலாம். முஸ்லிம் பெற்றோரில் சிலர் பெறுகிறார்கள், நம்மவர்களிலும் சிலர் யோசிக்கிறார்கள். அது அறிவுக்கான பாடம், மதம் மாற்றும் வகுப்பு அல்ல. நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் ஒரே பேருந்துப் பயணத்தில் போய்வந்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் அந்த வகுப்பில் உட்கார்ந்தால், இரு பக்கத்தையும் அறிந்த ஒரு குரல் அங்கே கேட்கும். பிள்ளைக்குப் பதினைந்து வயது ஆகிவிட்டால், பிள்ளையின் சம்மதம் இல்லாமல் விலக்குக் கேட்கவே சட்டம் இடம் தராது. பதினைந்து வரை காத்திராமல், இந்த ஆண்டு அந்தப் பாடப்புத்தகத்தை வீட்டு மேசையில் பிரித்து வைத்து, அதில் ஈசாவைப் பற்றியும் இயேசுவைப் பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளையைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.